வேப்பங்கிளையை வெட்டிய காலை: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

2025 நவம்பர் 4 அன்று, பிலாஸ்பூருக்குக் கொஞ்சம் முன்னால், கெவ்ரா ரோட்டிலிருந்து வந்த மெமு ரயில் (குறுந்தூர மின்சாரப் பயணிகள் ரயில்) ஒரு சரக்கு ரயிலின் பின்பக்கத்தில் மோதி ஏறியது. குறைந்தது 11 பேர் இறந்தார்கள். மெமுவின் ஓட்டுநரும் அதில் ஒருவர். விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணைக்கு உட்காரும் முன்பே உங்கள் தரப்பிலிருந்து காரணம் வந்துவிட்டது: சிவப்பு சிக்னலைத் தாண்டியிருக்கிறார்.

தாண்டியிருக்கலாம். அதை மறுக்க நான் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு கதை முடிந்துவிட்டது போல ஒவ்வொரு முறையும் நடந்துகொள்கிறீர்களே, அதைத்தான் இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு பார்க்க முடியவில்லை.

நான் 1983இல் டீசல் உதவியாளராகச் சேர்ந்து, 36 வருடம் என்ஜினில் இருந்துவிட்டு, மெயில் ஓட்டுநராக ஓய்வு பெற்றவன். காகிதத்தில் எங்களுக்கு ‘லோகோ பைலட்’ என்று பெயர் மாறி ரொம்ப நாளாகிறது. வீட்டிலும் தெருவிலும் இன்னும் டிரைவர்தான். நானும் ஒருமுறை சிவப்பைத் தாண்டியவன். ஆகவே இந்த மடலை ஒரு குற்றவாளியின் வாக்குமூலம் என்றே வைத்துக்கொண்டு படியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நடந்தது 2006இல். எந்தக் கோட்டம், எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. அப்போது இருந்த அதிகாரிகள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் உயிரோடும் இல்லை. சரக்கு ரயில், 58 வேகன், எல்லாம் நிலக்கரி. தொடர்ச்சியாக நான்காவது இரவு. மணி அதிகாலை மூன்றே கால் இருக்கும். ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் ஹோம் சிக்னல் மஞ்சள், ஸ்டேஷனிலிருந்து புறப்பட விடும் அடுத்த சிக்னலான ஸ்டார்ட்டரில் நிற்கத் தயாராக வா என்று பொருள். நானும் என் உதவியாளரும் வழக்கப்படி கையை நீட்டி, சத்தமாக “ஹோம் எல்லோ” என்று சொல்லிக்கொண்டோம். வேகத்தைக் குறைத்தேன். அந்த ஸ்டேஷனில் தடம் வளைந்து போகும். வளைவுக்குள் நுழைந்ததும் பச்சை தெரிந்தது. “ஸ்டார்ட்டர் கிரீன்” என்று உதவியாளர் சொன்னான், நானும் திருப்பிச் சொன்னேன்.

அது எங்கள் பச்சை இல்லை. பக்கத்தில் போட்டிருந்த மூன்றாவது லைனின் பச்சை. எங்கள் ஸ்டார்ட்டர் ஒரு வேப்பமரக் கிளைக்குப் பின்னால் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. அது கண்ணில் பட்டபோது தூரம் போதவில்லை. எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டேன். ஐயாயிரம் டன்னுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வண்டி நம் கைக்குக் கட்டுப்பட்டு உடனே நிற்காது. சிக்னலைத் தாண்டி 40 மீட்டரில் நின்றது. எதன் மீதும் மோதவில்லை, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அந்தக் கிளையைப் பற்றி 11 நாள் முன்னால் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் ஓட்டுநர்கள் குறை எழுதும் பதிவேடு ஒன்று இருக்குமே, அதில். ‘வளைவில் ஸ்டார்ட்டரை மரக்கிளை மறைக்கிறது, பக்கத்து லைன் விளக்கு முதலில் தெரிகிறது’ என்று தேதி, மணி, வண்டி எண்ணோடு எழுதி, சிக்னல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு எங்கள் இருவரையும் ஸ்டேஷனிலேயே உட்கார வைத்தார்கள். மூச்சுப் பரிசோதனை நடந்தது. ஒன்றும் இல்லை. விடிந்து ஆறு மணி இருக்கும், வெளியே அரிவாள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு கேங்மேன்கள் அந்தக் கிளையை வெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சொன்ன வேலையைச் செய்தார்கள். அன்று காலை எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்களில் ஒருவர்தான். பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து, மூன்று துறையும் சேர்ந்து பார்வையிட்டு, ‘சிக்னல் 400 மீட்டர் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தெளிவாகத்தான் தெரிந்தது. மரத்தில் வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. அதை எழுதுங்கள் என்று கேட்டேன். “அது மரம் சம்பந்தப்பட்ட விஷயம், நாம் இங்கே சிக்னல் சம்பந்தமாகப் பேசுகிறோம்” என்றார் ஒருவர். இந்த வாக்கியத்தை 19 வருடமாக எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

வேலையிலிருந்து நீக்கினார்கள். மேல்முறையீடு செய்து, 14 மாதம் கழித்து, ஒரு படி கீழே இறக்கித் திரும்ப எடுத்தார்கள். அந்த 14 மாதம் வீடு எப்படி ஓடியது என்பதை இங்கே எழுதி உங்கள் இரக்கத்தைக் கேட்கப்போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

திரும்ப வந்த பிறகு, சர்வீஸ் முடியும்வரை அந்தப் பதிவேட்டில் சிக்னல் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதினால் ‘ஆபத்து இருப்பது தெரிந்தும் கவனமில்லாமல் ஓட்டினாய்’ என்று அதையே திருப்பிப் போடுவார்கள் என்று என் விசாரணையில் கண்ணால் பார்த்தவன் நான். 2011 அல்லது 12 இருக்கும், ஒரு மழை இரவில் வேறொரு இடத்தில் சிவப்புக்கு மூன்று மீட்டர் முன்னால் வந்து நின்றேன். அங்கேயும் பார்வைக் கோளாறு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு வந்த இளைஞனிடம், “தம்பி, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்” என்றேன். அவனும் தலையாட்டினான். அந்த சிக்னலில் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் அதே மாதிரி தடுமாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நான் வெட்கப்படுகிற விஷயம் அந்த 40 மீட்டர் இல்லை, இந்த மூன்று மீட்டர்தான்.

வேலை போகும் என்ற பயம் ஓட்டுநரை எச்சரிக்கையாக வைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது அவரை ஊமையாக வைத்திருக்கிறது.

சரி, என் கதை பழையது, சின்னது. ரங்கபாணிக்கு வருகிறேன்.

2024 ஜூன் 17 காலை, நியூ ஜல்பாய்குரிக்குப் பக்கத்தில் ரங்கபாணிக்கும் சத்தர்ஹாட்டுக்கும் நடுவே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னாலிருந்து வந்த சரக்கு ரயில் மோதியது. சில மணி நேரத்துக்குள் வாரியத் தலைமை சொன்ன முதல் காரணம், சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்பது. அவர் அந்த விபத்திலேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. பிறகு என்ன வெளிவந்தது? காலை 5.50லிருந்து அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள், அதாவது ரயில் கடப்பதை வைத்துத் தானாகவே நிறம் மாறுபவை, பழுது. சிவப்பைக் கடந்து போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் டி/ஏ 912 என்ற தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். பல சிக்னல்கள் நீண்ட நேரம் பழுதாகிக் கிடக்கும்போது கொடுக்க வேண்டிய தாள் வேறு, நடைமுறையும் வேறு. கொடுத்த தாளில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்ற வரியே இல்லை.

நீங்கள் அந்த அறிக்கையைப் படித்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு இடத்தைத் திரும்பவும் படிக்கச் சொல்வேன். அன்று காலை அந்தப் பகுதிக்குள் போன ரயில்கள், மோதிய இரண்டையும் சேர்த்து, ஏழு. எல்லார் கையிலும் ஒரே மாதிரித் தாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு சிவப்பிலும் ஒரு நிமிடம் நின்று, 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், விதிப்படி போனது ஒரே ஒரு ரயில்தான். காஞ்சன்ஜங்கா. இடிபட்டதும் அதுதான்.

ஏழில் ஒருவர் தவறினால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஏழில் ஆறு பேர் விதியை ஒரு மாதிரியாகவும் ஒருவர் வேறு மாதிரியாகவும் புரிந்துகொண்டிருந்தால் கோளாறு தாளில், பயிற்சியில், அதைக் கொடுத்த அமைப்பில். இதை நான் சொல்லவில்லை. ‘நடக்கக் காத்திருந்த விபத்து’ என்று எழுதியவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். ஓட்டுநர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் தானியங்கிப் பகுதி வேலை பற்றிப் போதுமான அறிவுறுத்தல் இல்லை என்றும், வாக்கி டாக்கி போன்ற அடிப்படைக் கருவிகூட இல்லை என்றும் குறித்தவரும் அவர்தான். 2024 மார்ச் 31 வரையிலான ஐந்து வருடத்தில் சிவப்பைத் தாண்டிய நிகழ்வுகள் 208, அவற்றில் 12 மோதலில் முடிந்தன என்ற கணக்கும் அந்த அறிக்கையில் இருப்பதே.

208. ரயில்வேயின் அளவுக்கு இது சின்ன எண்தான், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் ரயில் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்து இது எழுதப்பட்டவற்றின் எண். மூன்று மீட்டர் முன்னால் நின்றவை இதில் இல்லை.

அந்த 208இல் ஒரே சிக்னல் இரண்டு தடவை, மூன்று தடவை வருகிறதா? இதற்குப் பதில் வெளியே யாருக்கும் தெரியாது. லண்டனில் பேடிங்டன் நிலையத்துக்கு வெளியே லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் 1999 அக்டோபர் 5 அன்று இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். ஒரு ரயில் எஸ்என்109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் அதே சிக்னலை எட்டு முறை சிவப்பில் தாண்டியிருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. கம்பிகளும் பாலமும் மறைக்கிற இடம், காலை வெயில் நேராக அடிக்கிற நேரம், புதிதாகத் தேறிய ஓட்டுநர். எட்டு பேரையும் தனித்தனியாகத் திட்டி அனுப்பியவர்களுக்கு, சிக்னலைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அங்கே அந்த விசாரணை பகிரங்கமாக நடந்தது, அறிக்கை கடையில் விற்றது. நம் நாட்டில் பாதுகாப்பு ஆணையர் உங்களுக்குக் கீழே இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழே இருக்கிறார். சுதந்திரமாக எழுதட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். அவர் எழுதுவதை ஜனங்கள் பத்திரிகைக்குக் கசிந்த அளவில் மட்டும் படிக்க வேண்டியிருக்கிறது.

தூக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். பேசாமல் இருக்க முடியாது.

நான்காவது இரவு என்று மேலே எழுதினேன். ராத்திரி வேலை பார்க்காதவர்களுக்கு அது ஒரு எண். முதல் இரவு பரவாயில்லை. இரண்டாவது இரவு டீ குடித்தால் ஓடும். மூன்றாவது இரவில் கண் திறந்தே இருக்கும், பார்த்தது மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். நான்காவது இரவில் எதை எதிர்பார்க்கிறோமோ அதுதான் தெரியும். அந்த ஸ்டேஷனில் முந்தைய மூன்று இரவும் ஸ்டார்ட்டர் பச்சையாகத்தான் கிடைத்திருந்தது. விழிப்பாக இருக்கிறானா என்று பார்க்க ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கச் சொல்லும் கருவி என்ஜினில் இருக்கிறது. அதைக் கை தானாக அமுக்கும், மனிதன் உள்ளே இல்லாவிட்டாலும். இதை எந்த ஓட்டுநரிடம் கேட்டாலும் சொல்வார், அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்று நீங்கள் உறுதி கொடுத்தால். பகலில் வீட்டில் தூங்கலாமே என்பீர்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில், மே மாதத்தில், பால்காரர், குழந்தை, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாவற்றுக்கும் நடுவில் தூங்கிப் பாருங்கள்.

தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம், வண்டியை விட்டு இறங்கிய பின் வரும் 16 மணி நேரத்தோடு வார ஓய்வு 30 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் கொடுங்கள் என்று 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து தெற்கு ரயில்வேயில் ஓட்டுநர்கள் தாங்களாகவே அந்த ஓய்வை எடுக்கத் தொடங்கினார்கள். கிடைத்தது பணியிடை நீக்கமும் இடமாற்றமும். பஞ்சாபில் சிர்ஹிந்த் பக்கத்தில் சரக்கு ரயில் ஒன்று சிவப்பைத் தாண்டி, நின்ற ரயிலில் மோதியது அந்த மாதம் இரண்டாம் தேதி. அதன் இரண்டு ஓட்டுநர்களும் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். ரங்கபாணி பதினேழாம் தேதி. அந்த வாரத்திலேயே உதவி ஓட்டுநர் பணியிடங்களை 5,696லிருந்து 18,799ஆக உயர்த்தி அறிவித்தீர்கள். பதின்மூன்றாயிரம் ஆள் குறைவு என்பது ஜூன் 16ஆம் தேதி தெரியாமலா இருந்தது?

அப்புறம் 2025 ஏப்ரல் மாத முடிவு. ஓட்டும்போது சாப்பிடவும் சிறுநீர் கழிக்கவும் இடைவேளை என்று விதி செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அத்தனை மண்டலங்களுக்கும் எழுதி அனுப்பினீர்கள். அதே முடிவில், என்ஜினுக்குள் ஓட்டுநரின் பேச்சையும் முகத்தையும் பதிவு செய்யும் கேமரா யாருடைய அந்தரங்கத்தையும் பாதிக்காது என்றும் ஏற்றுக்கொண்டீர்கள். ஆக, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகத்தைப் படம் பிடிக்க வசதி உண்டு, இறங்கிப் போக வசதி இல்லை. எத்தனையோ பெண்கள் இன்று என்ஜினில் இருக்கிறார்கள். டியூட்டிக்கு முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம் என்று என்னிடம் ஒரு பெண் உதவி ஓட்டுநர் சொன்னாள், என் மகள் வயது. நாக்கு வறண்டு, வயிறு கனத்து, கவனம் பாதி உடம்பின்மேல் இருக்கும்போது சிக்னல் எண்களைப் பிசகாமல் படிக்க வேண்டும். இதற்கும் சிவப்பைத் தாண்டுவதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களில் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா?

திருவனந்தபுரம் கோட்டத்தில் ஓட்டுநர்கள் இளநீர் குடிக்கக்கூடாது என்று 2025 தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்து, ஊர் சிரித்த பிறகு திரும்பப் போனது. அதை நினைத்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது. அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு கழிப்பறைப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

இனி இயந்திரம். 2011 செப்டம்பர் 13 ராத்திரி அரக்கோணத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே சித்தேரியில், நின்றிருந்த பாசஞ்சர் மீது பின்னால் வந்த மெமு மோதியது. எங்கள் ஆட்கள் பலருக்கு அந்தத் தடம் வீட்டு வாசல் மாதிரி. அந்த ராத்திரி போன் அடித்துக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் அனில் ககோட்கர் தலைமையில் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு அமைந்தது. 2012 பிப்ரவரியில் அந்தக் குழு எழுதியது: சுமார் 19,000 கிலோமீட்டர் முக்கியத் தடங்களில், ஓட்டுநர் தவறினாலும் வண்டியைத் தானே நிறுத்தும் அமைப்பை ஐந்து வருடத்தில் போடுங்கள். அதாவது 2017க்குள். சென்னை–கும்மிடிப்பூண்டி தடத்தில் அந்த மாதிரி ஒரு அமைப்பை முன்னோடியாகப் போட்டுப் பார்த்தும் இருந்தோம், யாரும் கேள்விப்படாத புதுச் சரக்கு இல்லை.

2020இல் கவச் அமைப்பைத் தேசிய அமைப்பாக ஏற்றீர்கள். தண்டவாளத்தில் அடையாள வில்லைகள், ஓரத்தில் வானொலிக் கோபுரம், என்ஜினில் ஒரு பெட்டி. முன்னால் சிவப்பு என்றால் கத்தும், ஓட்டுநர் கேட்காவிட்டால் தானே பிரேக் போடும். நம் ஆட்களே செய்தது, நல்ல கருவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. (எல்லா விபத்தையும் அது தடுக்காது என்பதும் தெரியும். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் நடந்த ரயில் மோதல் சிவப்பைத் தாண்டிய விவகாரமே இல்லை.) ஆனால் ரங்கபாணி நடந்த அன்று நாட்டில் கவச் இருந்தது சுமார் 1,465 கிலோமீட்டர். மொத்தத் தடம் 68,000க்கு மேல். ரங்கபாணியில் இல்லை. அதற்கு முன்னால் 2023 அக்டோபர் 29 அன்று 14 பேர் இறந்த விஜயநகரம் பக்கத்துக் கண்டகப்பள்ளியிலும் இல்லை.

கண்டகப்பள்ளி ஓட்டுநர்கள் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்தார்கள் என்று 2024 மார்ச்சில் அமைச்சரே பொதுவெளியில் சொன்னார். மோதிய ரயிலின் ஓட்டுநர், உதவியாளர் இருவருமே அந்த விபத்தில் இறந்தவர்கள். ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மனிதன் பத்து நிமிடம் கவனம் தவறினால் 14 பேர் சாகும்படி ஒரு தடத்தை விட்டுவைத்தது யார் என்ற கேள்வி அப்போதும் அப்படியேதானே நிற்கிறது? தானியங்கிப் பகுதியில் சிக்னலுக்கு அப்பால் நீங்கள் விட்டிருக்கும் பாதுகாப்பு இடைவெளி குறைந்தபட்சம் 120 மீட்டர். ரயில்களை நெருக்கி ஓட்டத்தான் தானியங்கி சிக்னல். இடைவெளியைக் குறைத்து ரயில்களை முதலில் நெருக்கினீர்கள், அவற்றை நிறுத்தும் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டீர்கள். நடுவில் இருக்கும் வருடங்களுக்கு இரண்டு கண்ணும் ஒரு கையும்தான் காவல்.

நான் உங்களிடம் கேட்பது இவை.

தானியங்கி சிக்னல் இருக்கும் நெருக்கமான தடங்களுக்கு முதலில் கவச் போடுங்கள். எந்தத் தடத்துக்கு எந்த மாதம் என்று ஒரு அட்டவணை வெளியிடுங்கள். கோடிக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். என் ஊர் வழியாகப் போகும் தடத்துக்கு எப்போது என்று ஒரு பயணி பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி இருக்கட்டும். அதுவரை, தானியங்கி சிக்னல்கள் கூட்டமாகப் பழுதானால் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே ஒரு ரயில் என்ற நடைமுறையைத் தவிர வேறு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். ரயில் தாமதமாகட்டும். கொடுக்கும் தாளில் வேகத்தைப் பெரிய எழுத்தில், அந்தந்த ஊர் மொழியிலும் அச்சிடுங்கள்.

சிவப்பைத் தாண்டிய ஒவ்வொரு நிகழ்வையும் சிக்னல் எண்ணோடு வருடம்தோறும் வெளியிடுங்கள். ஓட்டுநர் பெயர் வேண்டாம். ஒரே சிக்னல் இரண்டாவது முறை பட்டியலில் வந்தால், 30 நாளுக்குள் வெளியாள் ஒருவரையும் ஓடும் ஓட்டுநர் ஒருவரையும் சேர்த்து, ராத்திரியில், என்ஜினிலிருந்து பார்வையிட வையுங்கள். பாதுகாப்பு ஆணையர் அறிக்கைகளை முழுதாக இணையத்தில் போடுங்கள். அவை வரும்வரை, இறந்துபோனவரோ உயிரோடிருப்பவரோ, ஓட்டுநரைக் குற்றம் சொல்லி வாரியத்திலிருந்து யாரும் பேசாதிருக்க ஒரு எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும்.

மது, கைப்பேசி, வேண்டுமென்றே விதி மீறல் இல்லாத, மோதலும் இல்லாத நிகழ்வுகளுக்கு வேலை நீக்கத்தைக் கைவிடுங்கள். மயிரிழையில் தப்பியதைப் பெயர் சொல்லாமல் எழுதிப்போட ஒரு வழி வையுங்கள். அது தண்டிக்கும் பிரிவின் கைக்குப் போகக் கூடாது. ஒரு சிக்னல் தாண்டப்பட்டால் விசாரணைக் குழு வந்து சேரும்வரை அந்த இடத்தில் ஒரு இலையைக்கூட யாரும் தொடக்கூடாது என்று விதி போடுங்கள். மரம், விளக்கு, கண்ணாடி, பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விசாரணையின் முதல் ஆவணமாகக் கடந்த ஆறு மாதப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

தொடர் இரவுப் பணி இரண்டோடு நிற்கட்டும். 46 மணி நேர ஓய்வைக் கொடுங்கள். அதைக் கேட்டதற்காகத் தண்டித்தவர்களின் தண்டனையை ரத்து செய்யுங்கள். ஏப்ரல் முடிவைத் திரும்பப் பெற்று, எல்லா என்ஜினிலும் கழிப்பறை வரும் தேதியைச் சொல்லுங்கள். அதுவரை குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் பத்து நிமிட நிறுத்தத்தை அட்டவணையிலேயே சேருங்கள்.

2006இன் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை ஒரு நல்ல மனிதர் எனக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். விசாரணையில் யாரும் கேட்கவில்லை. இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன், மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, தேதி தெரிகிறது. வாரியத்தில் யாராவது கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெயில் ரயில் ஓட்டுநர் ஒருவர்